வில்லுக்குப் பசை காய்ச்சியவன் பட்ட பாடு

பசை காய்ச்சுகிற தொழிலில் நல்ல பேர் எடுத்தவன் எவனும் இல்லை. ஒட்டி நின்றால் மரத்துக்குப் பேர், பிரிந்தால் பசைக்குப் பேர்.

ஒடிந்த நாற்காலிக் காலை ஒட்டி வைத்துவிட்டு, "யாரும் உட்காராதீங்க, யாரும் தொடாதீங்க" என்று வீட்டுக்கே காவல் இருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். மூன்றாம் நாள் நீங்களே மறந்துபோய் அதில் உட்கார்ந்து விழுந்தும் இருப்பீர்கள். அந்தப் பாவப்பட்ட கூட்டத்துக்குத்தான் இதைச் சொல்கிறேன். இடுப்பில் அடிபடாதவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

வில் வந்த வழி

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். தூத்துக்குடியில் எனக்கு ஒரு தச்சுப் பட்டறை. கதவு, நிலை, கூரைக்குக் கைமரம், ஆபீசு மேசை என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. கடற்கரைச் சாலையில் வெள்ளைக்காரர் கிளப்பு ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் குளத்து வாத்துகளைச் சுடுவது அந்தத் துரைமாருக்குப் பொழுதுபோக்கு. சண்டை வந்ததும் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு. வாத்துகள் நிம்மதியாக முட்டையிட ஆரம்பித்தன. அது பொறுக்காமல் கிளப்புச் செகரட்டரி துரை வில்வித்தைக்குத் தாவினார். சீமை வில் வருவதற்குக் கப்பல் இல்லை. என்னைக் கூப்பிட்டு ஆறு வில் செய்து தா என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். புத்தியுள்ளவன் ஆட்டியிருப்பானா?

ஆளுயர வில். வெளிப்பக்கம் மூங்கில் பத்தை, உள்பக்கம் பனை வைரம். இரண்டையும் முழு நீளத்துக்கும் ஒட்டவேண்டும். இழுக்கும்போது மூங்கில் நீளப் பார்க்கும், பனை நசுங்கப் பார்க்கும். நடுவில் கிடந்து சாகிறது பசை. முதல் வில்லுக்கு எல்லாத் தச்சனையும்போல நானும் வஜ்ஜிரம்தான் காய்ச்சினேன். மாட்டுத் தோலில் எடுக்கிற பசை அது, கட்டியாக வரும். ஊறப்போட்டு, வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து இளஞ்சூட்டில் உருக்கவேண்டும். நேரே அடுப்பில் ஏற்றினால் செத்துப்போகும். கண்ணும் கருத்துமாகக் காய்ச்சி, ஒட்டி, கயிறு சுற்றி, ஒரு வாரம் காயவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கிளப்பில் ஒரு விதி வைத்திருந்தார்கள். புது வில்லைத் துரைமார் தொடுமுன் மார்க்கர் மிக்கேல் அதைக் காதுவரை இருபது தடவை இழுத்துக் காட்டவேண்டும். டென்னிஸ் பந்து பொறுக்குவது, புள்ளி எண்ணுவது எல்லாம் மிக்கேல் வேலை. என் வயசுக்காரன். வாலிபத்தில் முத்துக் குளிக்கிற சலாபத்தில் முங்கி முங்கி வலது காது அடைத்துப்போய், கரையில் வேலை தேடி வந்தவன். பதினோராவது இழுப்பில் 'சடார்' என்றது. மூங்கில் ஒரு பக்கம், பனை ஒரு பக்கம். அவன் புருவத்தைப் பிளந்துவிட்டது. தையல் போட்ட டாக்டர், ஒரு நெல்லளவு கீழே இறங்கியிருந்தால் கண் போயிருக்கும் என்றார். துரை, வில் போச்சே என்று வருத்தப்பட்டார். எனக்கோ அன்று பிடித்தது ஒரே கவலை, மிக்கேலுடைய கண். ஏனென்றால் மிச்சம் ஐந்து வில்லையும் அவன்தான் இழுக்கப்போகிறான். துணியால் ரத்தத்தை ஒற்றிக்கொண்டே அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "ஆசாரியாரே, காது ஒண்ணைக் கடலுக்குக் குடுத்தாச்சு. கண்ணு ஒண்ணைக் கிளப்புக்குக் குடுக்கணுமா?"

தீட்டில்லாத பசை

அடுத்து வந்து சேர்ந்தார் கிளப்பின் ஹெட் கிளார்க் பிள்ளைவாள். பசை எதில் காய்ச்சினது என்று விசாரித்திருக்கிறார். மாட்டுத் தோல் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வில்லைப் பதிவேட்டில் ஏற்றியது அவர் கை, எடுத்து அலமாரியில் வைத்ததும் அவர் கை. பட்டறைக்கே வந்துவிட்டார். "என்னவே, நான் சுத்த சைவம். என் கையில மாட்டையா குடுத்தீரு?" என்று ஒரே ஆட்டம். கிளப்புச் சமையலறையில் தினமும் என்ன வேகிறது என்று ஊருக்கே தெரியும். பிள்ளைவாளுக்கு மட்டும் தெரியாதாம். காற்று அவர் மேசைப் பக்கம் அடிக்காதாம்.

சரி, தொலையட்டும் என்று புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, இடித்துப் பசை காய்ச்சினேன். பட்டறை பலகாரக் கடை மாதிரி மணந்தது. வில்லும் பார்க்க லட்சணமாக இருந்தது. அலமாரியில் வைத்த மறுநாளே எறும்பு சாரைசாரையாக வந்துவிட்டது. மிக்கேல் இந்தத் தடவை உஷார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நாணை ஏதோ உறுமுகிற நாயைப் பிடிக்கிற மாதிரி பிடித்து இழுத்தான். நாலாவது இழுப்பில் வில் வாயைப் பிளந்தது. நல்லவேளை, தோளில் பட்டதோடு போயிற்று. நான் ஓடிப்போய் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பிள்ளைவாள் எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டே நிதானமாகச் சொல்கிறார்: "பிரிஞ்சா பிரிஞ்சுட்டுப் போட்டும் வே. யாருக்கும் தீட்டு இல்லேல்லா?"

ஊரில் எல்லாருக்கும் ஒரு பசை

இரண்டு வில் போன பிறகு விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நம் ஊரில் காய்ச்சலுக்கு மருந்து சொல்லாதவன்கூட உண்டு, பசைக்கு யோசனை சொல்லாதவன் கிடையாது. தோணி கட்டுகிறவர் குங்கிலியமும் எண்ணெயும் என்றார். அது தோணிக்குள் தண்ணீர் வராமல் அடைக்கும், வில்லில் தடவினால் ஆறு மாசமானாலும் பிசுபிசு என்று கையோடு வரும். சவரம் செய்கிறவர் முட்டை வெள்ளைக்கரு என்றார். தெற்கே போகிற வண்டிக்காரர் ஒருவர், வண்டியை நிறுத்தி இறங்கி, கருவேலம்பிசின் என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறிப்போனார். எல்லாரும் சொன்னதைத் துண்டுக் கட்டைகளில் ஒட்டிப் பார்த்தேன். ஒன்றும் உருப்படவில்லை.

பக்கத்துத் தெருவில் நகை செய்கிற பத்தர் மட்டும் விடவில்லை. அரக்கு, அரக்கு என்று உயிரை வாங்கினார். அரக்கு வெயிலில் இளகும், வளைத்தால் உடையும் என்று நானும் படித்துப் படித்துச் சொன்னேன். தன் மோதிரத்தைக் கழற்றி என் மூக்குக்கு நேரே நீட்டி அவர் சொன்னார்: "இதுல கல்லு அரக்குலதான் இருபது வருஷமா நிக்கி. உம்ம மூங்கிலு என்ன வே, இந்தக் கல்லை விடப் பெரிய ஆளா?"

பூனைகள் கூடிய கிளப்பு

மூன்றாவது பசையை மிக்கேலே கொண்டுவந்தான். தன் கண்ணுக்குத் தானே பாடுபட வேண்டியதாயிற்று அவனுக்கு. கூறல் மீனின் வயிற்றுக்குள் காற்றுப் பை ஒன்று இருக்கும். நெட்டி என்போம். காயவைத்துக் கப்பலேற்றுகிற சரக்கு. கப்பல் இல்லாததால் அவன் மச்சான் வீட்டில் சாக்குச் சாக்காகக் கிடந்தது. ஊறவைத்து, நார் நாராகக் கிழித்து, கொதிக்கவிடாமல் காய்ச்சினேன். தேன் மாதிரி இறங்கியது. விரலில் தொட்டு ஒட்டினால் தோலோடுதான் வரும். ஆகா, இதுதான் பசை என்று எனக்குக் குதிக்கவேண்டும்போல இருந்தது.

மிக்கேல் இருபது தடவையும் இழுத்தான். அசையவில்லை. இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொள்ளாத குறை. வில்லைச் செகரட்டரி துரையின் சம்சாரம் எடுத்துக்கொண்டாள். அந்தத் துரைசானி தமிழ் படித்தது தோட்டக்காரர்களிடம். ஆகவே கவர்னரே வந்தாலும் ஏலே, வாலேதான். மூன்று வாரம் ஜோராக அம்பு விட்டாள். ஆனால் அவள் வில்லைத் தூக்கினால் போதும், கிளப்புச் சுவரெல்லாம் பூனை. ஒரு கிழட்டுப் பூனை நாற்காலியில் சாத்தியிருந்த வில்லைக் கடித்தே பார்த்துவிட்டது. என்னைக் கூப்பிட்டனுப்பினாள். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, இரண்டு விரலால் வில்லைத் தூக்கிப் பிடித்து அவள் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: "ஏலே ஆசாரி, வில்லைக் கேட்டா கருவாட்டைக் குடுக்கே!"

மூங்கிலுக்குப் பால்

நாற்றத்தைக்கூடச் சமாளித்திருக்கலாம். அதுவரை கச்சான் காற்று, மேற்கேயிருந்து அடிக்கிற வறட்டுக் காற்று. அது நின்று கடல் பக்கமிருந்து கொண்டல் வீசத் தொடங்கியது. நாலே நாளில், தொட ஆளில்லாமல் தொங்கிக்கொண்டிருந்த வில் தானாகவே இரண்டாகிவிட்டது. ஒட்டின இடத்தைத் தடவினால் நசநசவென்று ஈரம். காய்ந்த பசை மறுபடி எப்படி நனைந்தது என்று எனக்கு மண்டை காய்ந்தது. நெட்டியை வைது தீர்த்தேன்.

அப்போது கிளப்புக்கு வந்திருந்த ஒரு பட்டாளத்து எஞ்சினீயர் துரை, ஆகாயக் கப்பலின் மரச் சட்டத்தையே பால் பசையில்தான் ஒட்டுகிறார்கள், ஈரத்துக்கு அசையாது என்று சொல்லிவிட்டுப் போனார். சுலபம்தான். ஆடை நீக்கிய பாலைத் திரித்து, தண்ணீரை வடித்து, கட்டியைச் சுண்ணாம்போடு அரைக்கவேண்டும். ஆனால் பாலுக்கு எங்கே போவது? அரிசிக்கே வரிசையில் நிற்கிற காலம். வீட்டில் மூன்று பிள்ளைகள். ஒரு வாரம் அவர்களுக்கு வருகிற பாலை நிறுத்திப் பட்டறைக்குத் திருப்பினேன். ஆமாம், திருப்பினேன். இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. என் சம்சாரம் சொம்பை மட்டும் என் முன்னால் 'ணங்' என்று வைத்தாள்.

அந்த வில் பதினேழாவது இழுப்பில் போயிற்று. பதினாறு தாண்டியதும் மிக்கேல் நம்பிக்கை வந்து முகத்தை நேரே வைத்துவிட்டான், பாவி. கண்ணுக்குக் கீழே எலும்பில் அறைந்துவிட்டது. வீங்கிக் கறுத்து, மூன்று நாள் அந்தக் கண்ணில் வெளிச்சமே தெரியவில்லை. நாலாம் நாள் லேசாகத் தெரிகிறது என்று சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. இன்னொரு தடவை பட்டால் அவ்வளவுதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கிளப்பில் கேட்டால், மார்க்கர் வேலைக்கு ஒரு கண் போதாதே என்று இப்போதே வேறு ஆள் பார்க்கிறார்கள். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னேன். என் சம்சாரம் அப்போதுதான் வாயைத் திறந்தாள்: "பிள்ளையளுக்கு இல்லாத பாலை மூங்கிலுக்கு ஊத்துனீய. அது அந்த மனுஷன் கண்ணுல வந்து விழுந்திருக்கு."

அடுப்பில் வெடித்த கட்டை

முத்தையாபுரம் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்கிற மாடத்தி என்பவள், பட்டறையில் கழிகிற கட்டைகளை அடுப்புக்கு வாங்கிப்போவாள். ஒருநாள் அந்தச் சாக்கைக் கொண்டுவந்து என் காலடியில் கொட்டினாள். மூங்கில் நல்லா எரியுது, பனை மட்டும் பொரிப்பொரியா வெடிக்குது, தீ மஞ்சளா நிக்குது, ரெண்டு நாள் மூலையில கிடந்தா தண்ணியில முக்கின மாதிரி நனைஞ்சுபோகுது என்று ஒரே சத்தம். "ஏளா, என்ன உளறுதெ? நாற்பது நாள் ஊறப்போட்டுப் பதமாக்கின பனை அது" என்றேன். "எங்கன ஊறப்போட்டீய?" என்றாள். எங்கே? இவள் வேலை செய்கிற அதே உப்பளத்துப் பாத்தியில்தான். நம் பக்கத்தில் பனையை உப்புத் தண்ணீரில் ஊறவைக்காமல் யார் தொடுவார்கள்? உப்பேறினால்தான் வண்டு துளைக்காது. என் கைமரத்தில் உளுப்பு விழுந்ததாக ஒருத்தன் சொல்ல முடியாது. அந்தப் பெருமையில்தான் வில்லுக்கும் அதையே எடுத்தேன்.

கைமரத்துக்கும் நிலைக்கும் ஆணியும் முளையும்தான், பசையே கிடையாது. அதனால் இத்தனை வருஷம் குட்டு வெளிப்படவில்லை. காற்றில் ஈரம் வந்தால் உப்பு குடிக்கும். உப்பு குடித்தால் மரம் வியர்க்கும். வியர்க்கிற மரத்தில் தேவலோகத்துப் பசையைத் தடவினாலும் நிற்குமா? வறட்டுக் காற்றிலோ அதே உப்பு மேலே பூத்து, பசையை மரத்தில் லேசில் பிடிக்கவிடாது. அப்படியானால் வஜ்ஜிரம், புளியங்கொட்டை, நெட்டி, பால் என்று ஐந்து மாதமாக நான் திட்டின எல்லாப் பசையும் நிரபராதி. மிக்கேலை அடித்தது நான். "நக்கிப் பாருங்க" என்றாள் மாடத்தி. நக்கிப் பார்த்தேன். நாக்கு சுள்ளென்றது. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு அவள் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்: "ஊறுகாய் போடவேண்டியதையா ஆசாரியாரே, வில்லுன்னு குடுத்தீய?"

இருபது இழுப்பு

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து உப்புப் படாத, நன்றாகக் காய்ந்த பனையாகப் பார்த்துக் கொண்டுவந்தேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை. நாலு பசையையும் நாலு துண்டில் ஒட்டி, மேலே வார்னிஷ் அடித்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கிணற்றடியில் எட்டு நாள் போட்டேன். பிறகு எடுத்து வளைத்தும் பார்த்தேன், உளி வைத்துப் பிளந்தும் பார்த்தேன். புளியங்கொட்டை பல்லிளித்தது. வஜ்ஜிரம் இளகியிருந்தது. பால் பசை ஈரத்துக்கு அசையவில்லை, ஆனால் வளைத்ததும் சடக்கென்று விட்டது. நெட்டியில் ஒட்டினதில்தான் மரம் கிழிந்தது, ஒட்டு பிரியவில்லை. அதையே மூன்று தரம் வடிகட்டி வில்லை ஒட்டினேன். நாறினால் நாறட்டும், துரைசானி மூக்கைவிட மிக்கேல் கண் பெரிது.

வேண்டுமென்றே கொண்டல் அடிக்கிற நாளாகப் பார்த்துக் கிளப்புக்குக் கொண்டுபோனேன். துரைமார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், வில்லைப் பார்க்க அல்ல, உடைவதைப் பார்க்க. பிள்ளைவாள் வில்லைத் தொடாமல் கைக்குட்டையை விரித்துக்கொண்டு நின்றார். மிக்கேலின் கன்னத்தில் வீக்கம் இன்னும் வடியவில்லை. அவனைத் தனியே கூப்பிட்டு, கேட்கிற காதுப் பக்கம் போய் உண்மையைச் சொன்னேன். "மிக்கேலு, குத்தம் பசையில இல்ல. மரத்துல. உப்புல போட்டது நான்தான்." அவன் வில்லை வாங்கினான், தடவினான், மோந்து பார்த்தான். பிறகு அதை என்னிடமே நீட்டினான். "அப்போ நீங்களே இழுங்க ஆசாரியாரே. காதுவரைக்கும்."

"விதிப்படி மார்க்கர்தான் வே இழுக்கணும்" என்று பிள்ளைவாள் முனகினார். துரை, வேடிக்கை இன்னும் நன்றாயிருக்கும் என்று நினைத்தாரோ என்னமோ, நடக்கட்டும் என்று கையைக் காட்டினார். சொல்ல வெட்கமில்லை, எனக்குத் தொடை நடுங்கியது. ஐந்து மாதத்தில் என் வில் ஒன்றைக்கூட நான் காதுவரை இழுத்ததில்லை. பட்டறையில் அரை இழுப்பு இழுத்துவிட்டு 'ஜோர்' என்று அனுப்பி வைத்தவன் நான். முதல் இழுப்பில் கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ணைத் திறங்க, எனக்குப் பட்டது உங்களுக்கும் படட்டும்" என்றான் மிக்கேல். திறந்தேன். நாண் கன்னத்தை உரச, மூங்கில் முனகுகிற சத்தம் காதுக்குள் கேட்கிறது. மிக்கேல் சத்தமாக எண்ணுகிறான். பதினொன்றில் எனக்குப் புருவம் துடித்தது. பதினேழில் வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. இருபது. வில் அப்படியே நின்றது. ஒரு மயிரிழை பிரியவில்லை. துரைமார் லேசாக ஏமாந்த மாதிரி கை தட்டினார்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு வில்லைக் கீழே வைக்கப்போனேன். மிக்கேல் என் கையைப் பிடித்து நிறுத்தினான். தையல் தெரிகிற புருவம் ஏறி நின்றது. "இந்த இருபதும் கிளப்புக்கு ஆசாரியாரே. இன்னொரு இருபது இழுங்க, அது எனக்கு."

இழுத்தேன்; அதனால்தான், எந்தப் பசை நல்ல பசை என்று யாராவது என்னிடம் கேட்டால், அதைக் காய்ச்சினவனையே முதலில் முகத்தைக் கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள், அவன் தொடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்கிறேன்.